அந்தரத்தில் நிற்பவர்கள்

பெங்களூரில் விமானபுரா, முருகேஷ்பாளையா பக்கம் வளர்ந்தவர்களுக்கு, மேலே என்ன பறக்கிறது என்று நிமிர்ந்து பார்க்காமலேயே தெரியும். ஜாகுவாரோ தேஜஸோ, ஏதாவது ஒரு ஃபைட்டர் (போர் விமானம்) போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும், பேச்சு பாதியில் நிற்கும், பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். சேத்தக் ஹெலிகாப்டர் போனால் யாரும் அசைய மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஹெலிகாப்டர் சத்தத்துக்குத் தலை தூக்குபவர் அப்பா ஒருவர்தான். கோலார் தங்கவயலில் இருந்து வந்து, எச்.ஏ.எல். என்கிற அரசு விமானத் தொழிற்சாலையின் ஹெலிகாப்டர் பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். ஃபைட்டர் பறந்தால் அவர் பேப்பரில் இருந்து கண்ணை எடுப்பதில்லை.

இந்த ஓரவஞ்சனை எங்கள் தெருவோடு முடிவதில்லை. விமானப்படைக்கு உள்ளேயும் அப்படித்தான். துண்டிகல் அகாடமியில் பயிற்சியின் நடுவில் பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: ஃபைட்டர், சரக்கு விமானம், ஹெலிகாப்டர். பெரும்பாலான பிள்ளைகளின் முதல் ஆசை ஃபைட்டர்தான். ஹெலிகாப்டர் கிடைத்தவன் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும் என்று எங்கள் அபார்ட்மெண்டில் மேல்மாடியில் இருக்கும் சார் சொல்வார். பாளையங்கோட்டைக்காரர். விங் கமாண்டராக ஓய்வு பெற்றவர், வாயு சேனா பதக்கம் வாங்கியவர், சீட்டா ஹெலிகாப்டரில் பனிமலையில் வருடக்கணக்கில் பறந்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சரி. அவரும் அப்பாவும் சாயங்காலம் பார்க்கிங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அப்புறம் பேச்சு நிற்காது. அவர் அப்பாவை ‘அண்ணாச்சி’ என்பார், அப்பா அவரை ‘சார்’ என்பார். இவர் கோத்த வண்டியை அவர் ஓட்டியிருக்கிறார் என்பதுதான் இருவருக்கும் உள்ள உறவு. இந்தக் கட்டுரையில் பாதி, அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டது.

ஹெலிகாப்டர் ஓட்டுவதில் எது கஷ்டம் என்று கேட்டால், பறப்பது என்றுதான் நாம் நினைப்போம். நிற்பதுதான் கஷ்டம் என்கிறார் சார். ‘ஹோவர்’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான்: தரையைத் தொடாமல், முன்னே பின்னே நகராமல், காற்றில் ஒரே புள்ளியில் நிற்பது. இடது கையில் ‘கலெக்டிவ்’ என்ற நெம்புகோல். அதைத் தூக்கினால் மேல் விசிறியின் இறக்கைகள் எல்லாம் ஒன்றுபோலக் கூடுதல் கோணத்தில் திரும்பும், வண்டி எழும்பும். வலது கையில் ‘சைக்ளிக்’. அது விசிறித் தட்டையே சாய்க்கும், சாய்த்த பக்கம் வண்டி நகரும். காலடியில் பெடல்கள். வால் விசிறியை அதிகமாக்கிக் குறைத்து மூக்கை ஒரே திசையில் வைத்திருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கெடும். கலெக்டிவைத் தூக்கினால் இன்ஜின் அதிக முறுக்கு கொடுக்கும், வண்டி எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும், பெடலை அழுத்தவேண்டும், அழுத்தினால் பக்கவாட்டில் நழுவும், சைக்ளிக்கால் பிடிக்கவேண்டும், பிடித்தால் உயரம் குறையும், மறுபடி கலெக்டிவ். இது ஒரு நொடிக்குள் ஓடும் வட்டம். கரகாட்டக்காரர் தலையில் குடம் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குடத்தைப் பாராட்டக்கூடாது, கழுத்துக்குக் கீழே நடப்பதைப் பார்க்கவேண்டும்.

அப்புறம், கண் எங்கே இருக்கவேண்டும் என்பது. கீழே ஒரு மரத்தையோ பாறையையோ பிடித்துக்கொண்டு, அது கண்ணாடிச் சட்டத்தில் நகராமல் பார்த்துக்கொள்வதுதான் ஹோவர். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில்? பனி மட்டும், கடல் மட்டும், அல்லது ஆயிரம் அடிக்குக் கீழே பள்ளத்தாக்கு மட்டும் இருந்தால்?

1992 அக்டோபரில் பர்வானூவில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி தேவை. ஹிமாசலப் பிரதேசத்தில், சிம்லாவுக்கு ஏறும் வழியில் இருக்கிற ஊர். அங்கே பள்ளத்தாக்கைக் கடந்து ஒரு விடுதிக்குப் போகும் ரோப்காரின் இழுவைக் கம்பி அறுந்தது. பெட்டி பின்னோக்கி ஓடி, நடுவழியில் அந்தரத்தில் நின்றுவிட்டது. உள்ளே சுற்றுலா வந்தவர்கள். பெட்டியில் இருந்த பணியாளர் குதித்து உயிர்விட்டார். மற்றவர்களுக்கு ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை.

சர்சாவா விமானப்படைத் தளத்தில் இருந்து ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்தது. ஓட்டியவர் அங்கிருந்த ஹெலிகாப்டர் பிரிவின் தலைவர், குரூப் கேப்டன் ஃபாலி ஹோமி மேஜர். மேஜர் என்பது அவர் குடும்பப்பெயர், பதவி இல்லை. இந்தக் குழப்பத்தில் அவர் வாழ்க்கை முழுக்க எத்தனை டெலிபோன் ஆபரேட்டர்கள் தடுமாறியிருப்பார்களோ தெரியாது. வண்டியில் இருந்து, ஆளை இறக்கி ஏற்றுகிற வின்ச் கம்பியில் இறங்கியவர், பாரா கமாண்டோ படையைச் சேர்ந்த ஐவன் ஜோசப் கிராஸ்டோ.

இப்போது மேலே இருக்கிறவர் பக்கம் இருந்து பாருங்கள். எம்ஐ-17 பெரிய வண்டி. அதன் விசிறி கீழே தள்ளும் காற்று ஒரு சிறு புயல். அருகில் போனால் பெட்டி ஊஞ்சலாடும், தள்ளிப் போனால் கம்பி எட்டாது. சுற்றிலும் ரோப்வேயின் இரும்பு வடங்கள், விசிறி அதில் உரசினால் எல்லாருக்கும் முடிவு. கேப்டனுக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. ரஷ்ய வண்டிகளில் கேப்டன் உட்காருவது இடது பக்கம், வின்ச் இருக்கும் கதவும் அதே பக்கம்தான். ஆனாலும் கழுத்தை வளைத்தால் கொஞ்சம் வால்பக்கம் தெரியும், அவ்வளவே. கதவோரம் படுத்துக் கீழே பார்க்கிற சிப்பந்தி இண்டர்காமில் சொல்லிக்கொண்டே இருப்பார்: முன்னே இரண்டு, வலது ஒன்று, அப்படியே, அப்படியே. அந்தக் குரலை நம்பி மலைச்சரிவில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்வையில் கட்டிப்போட்டு நிற்கவேண்டும். பள்ளத்தாக்குக் காற்று வேறு, நேரத்துக்கு ஒரு பக்கம் தள்ளும்.

கிராஸ்டோ பெட்டியின் கூரையில் இறங்கி, உள்ளே போய், ஒவ்வொருவராகக் கம்பியில் கட்டி மேலே அனுப்பினார். எல்லாரையும் எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. வடங்களுக்கு நடுவே இருட்டில் நிற்க முடியாது என்று வண்டி திரும்பியது. கிராஸ்டோ மட்டும், மிச்சம் இருந்தவர்களோடு அந்தப் பெட்டியிலேயே ராத்திரியைக் கழித்தார். மறுநாள் காலையில் ஹெலிகாப்டர் வந்து அவர்களையும் எடுத்தது. கிராஸ்டோவுக்குக் கீர்த்தி சக்ரா, ஃபாலி மேஜருக்கு ஷௌர்ய சக்ரா.

சார் இந்தக் கதையைச் சொல்லும்போது ரசித்துச் சொல்கிற இடம் எது தெரியுமா? இருட்டியதும் நிறுத்தினார்களே, அது. “அங்கதான் தம்பி கேப்டன். கீழ ஆளு உட்கார்ந்து கையக் காட்டிக்கிட்டு இருக்கு. தன்னோட ஆளே பெட்டிக்குள்ள இருக்காரு. இன்னும் ஒரே ஒரு தடவைன்னு மனசு சொல்லும். போதும்னு திரும்பணும்ல.” டிவிக்காரர்கள் யாரும் அந்த நிமிடத்தைக் காட்டமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இதை ஒப்பிட்டுப் பார்க்க 2022 ஏப்ரல் இருக்கிறது. ஜார்க்கண்டில் தேவ்கர் அருகே திரிகூட மலை ரோப்வேயில் விபத்து. அங்கேயும் விமானப்படை ஹெலிகாப்டர்கள்தான் வந்தன. ஒரு பெட்டி இல்லை, பல பெட்டிகள் வழிநெடுகத் தொங்கின. நாற்பது மணி நேரத்துக்கும் மேலாக நடந்த மீட்பில் பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள். மேலே இழுக்கும்போது தவறி விழுந்து இறந்தவர்களும் உண்டு. பர்வானூ எவ்வளவு மெல்லிய கோட்டில் நடந்தது என்பது எனக்கு அந்த வீடியோக்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ஃபாலி மேஜரின் மீதிக் கதைக்கு வருகிறேன். 1947ல் செகந்திராபாதில் பிறந்த பார்சி. 1967 டிசம்பர் கடைசியில் படையில் சேர்ந்தவர். எம்ஐ-4, எம்ஐ-8, எம்ஐ-17 என்று அந்த வரிசையில் வளர்ந்தவர். சியாச்சினில் பறந்திருக்கிறார், இலங்கையில் பறந்திருக்கிறார். மொத்தம் 7,700 மணி நேரத்துக்கும் மேல் ஆகாயத்தில். பிறகு கிழக்கு விமானக் கட்டளைப் பிரிவின் தலைவர். 2007 ஏப்ரல் 1 அன்று விமானப்படைத் தலைமைத் தளபதி. 1932ல் தொடங்கிய படைக்கு ஒரு ஹெலிகாப்டர்காரர் தலைவராக 75 வருடம் ஆனது. அன்றைக்கு எச்.ஏ.எல். ஹெலிகாப்டர் பிரிவு கேண்டீனில் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்த மாதிரி பேசிக்கொண்டார்கள் என்று அப்பா சொல்வார். 2009 மே மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் பி.வி.நாயக்கில் இருந்து ஏ.பி.சிங் வரை ஏழு தலைவர்கள். ஏழு பேரும் ஃபைட்டர் பைலட்டுகள். போர் நடத்துகிற படைக்கு அப்படித்தான் வேண்டும் என்று வாதம் செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பாதிதான் ஒப்புதல். வெள்ளம், நிலநடுக்கம், பனிச்சரிவு என்று நாட்டில் எது வந்தாலும் மக்கள் கண்ணால் பார்க்கிற விமானப்படை ஹெலிகாப்டர்தான்.

பதக்கங்களிலும் இந்த வித்தியாசம் தெரியும். போர்க்களத்து வீரத்துக்குப் பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா என்று ஒரு வரிசை. மற்ற வீரத்துக்கு அசோக, கீர்த்தி, ஷௌர்ய சக்ரா என்று இன்னொன்று. இதற்கு வெளியே வாயு சேனா பதக்கம். விமானப்படைக்கு இதுவரை கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா 1971ல் நாட் விமானத்தில் மறைந்த நிர்மல்ஜித் சிங் சேகோனுக்கு. ஹெலிகாப்டர்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வரிசையும் வாயு சேனா பதக்கமும்தான் வரும். எதிரியை வீழ்த்தியதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இன்னாரைச் சாகாமல் கொண்டுவந்தார் என்பதற்கு அரசிதழில் நாலு வரிதான். அந்த நாலு வரியும் ஒரே மாதிரி இருக்கும், ‘தன் உயிரைப் பொருட்படுத்தாமல்’ என்று கட்டாயம் வரும். சாருக்கு இந்த வரி மேல் தீராத கோபம். “உயிரப் பொருட்படுத்தாம எவனாவது ஓட்டுவானா? பின்னாடி நாலு பேரு உட்கார்ந்திருக்கான். பொருட்படுத்துனதாலதான் இன்னைக்கு இங்க உட்கார்ந்து காபி குடிக்கேன்.”

ஆனால் ஹெலிகாப்டர் போரையே மாற்றிய தருணமும் உண்டு. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரில், கிழக்கே ஜெனரல் சகத் சிங்கின் படை மேக்னா ஆற்றங்கரையில் வந்து நின்றது. ஆசுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. டாக்காவுக்கும் இவர்களுக்கும் நடுவே கடல்போல ஆறு. டிசம்பர் 9 தொடங்கி எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள் ஆட்களையும் தளவாடங்களையும் அக்கரைக்குத் தூக்கிப்போட்டன. ராத்திரியிலும் நடந்தது, இறங்குகிற இடத்தைக் காட்ட டார்ச் லைட்டுகள்தான். இதை முன்னின்று நடத்திய குரூப் கேப்டன் சந்தன் சிங்குக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அவர் சரக்கு விமானப் பிரிவில் இருந்து வந்தவர் என்பதைச் சார் சொல்லத் தவறமாட்டார், சொல்லும்போது லேசாக ஒரு சிரிப்பு.

மேக்னாவை எழுதிவிட்டு யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 1987 அக்டோபர் 11 இரவு கடந்து 12 பிறக்கிற நேரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் இந்தியப் படையினரை இறக்கின. புலிகளின் தலைமையைப் பிடிப்பது திட்டம். புலிகள் வானொலிப் பேச்சைக் கேட்டுத் தயாராகக் காத்திருந்தார்கள். வண்டிகள் குண்டடி பட்டபடி இறங்கி ஏறின. பிறகு சூடு தாங்காமல் மேற்கொண்டு ஆட்களை இறக்குவதையே நிறுத்திவிட்டார்கள். அங்கே இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபண்ட்ரி வீரர்கள் முப்பது பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அதற்குப் பின் வந்த வாரங்களில் யாழ்ப்பாணத்து மக்களுக்கு நடந்தது நமக்குத் தெரியும். அந்த மைதானத்தில் இருட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குள் இறங்கிய பைலட்டுகளின் கை நடுங்கவில்லை என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு தமிழனாக அந்த இரவுக்கான வீரப் பட்டியலை என்னால் பர்வானூவைப் படிக்கிற மாதிரி படிக்க முடியாது. சாரிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். அவர் அங்கே போகவில்லை, அவருடைய நண்பர்கள் போனார்கள். “எங்க இறக்கணும்னு பைலட் முடிவு பண்றதில்ல” என்று மட்டும் சொன்னார். அப்பா பேச்சை மாற்றினார்.

அப்பாவுக்குப் பிடித்த பேச்சு சீட்டா. அவர் கைபட்ட வண்டி.

சேத்தக், சீட்டா இரண்டும் பிரெஞ்சுக்காரர்களின் வடிவமைப்பு. 1962ல் உரிமம் வாங்கி, 1965ல் முதல் சேத்தக் பெங்களூரில் பறந்தது. எழுபதுகளில் சீட்டா வந்தது. அதன் மூலவண்டிக்குப் பெயர் லாமா. 1972 ஜூன் 21 அன்று ஜான் பூலே என்கிற பைலட் லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். பயணிகள் ஜெட் போகிற உயரம் அது. அங்கே குளிரில் இன்ஜின் அணைந்துவிட்டது, மறுபடி மூட்ட முடியவில்லை. அவர் விழவில்லை. இன்ஜின் இல்லாவிட்டாலும் கலெக்டிவை முழுக்கக் கீழே இறக்கிவிட்டால், கீழிருந்து மேலே அடிக்கும் காற்றே விசிறியைச் சுழற்றும். அந்தச் சுழற்சியைச் சேமித்து வைத்து, தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி, கலெக்டிவை இழுத்துச் செலவு செய்தால் மெதுவாக இறங்கலாம். ‘ஆட்டோரொட்டேஷன்’ என்பார்கள். பூலே அத்தனை உயரத்தில் இருந்தும் அப்படியே இறங்கினார். எச்.ஏ.எல். அப்ரண்டிஸ் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் வேலை கற்றுக்கொடுப்பார்களாம். ஹெலிகாப்டர் கல்லு மாதிரி விழும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் அப்பாவுக்கு முகம் சுருங்கும்.

1984 ஏப்ரல் 13 அன்று, சியாச்சின் பனிப்பாறையைப் பிடிக்கிற ‘மேகதூத்’ நடவடிக்கையில், பிலாஃபோண்ட் கணவாய் அருகே முதல் வீரர்களை இறக்கியது சீட்டாதான். அன்று தொடங்கிய ஓட்டம். அங்கே சில சாவடிகள் 6,000 மீட்டருக்கும் மேலே. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். விசிறிக்குத் தூக்கக் காற்று போதாது, இன்ஜினுக்கு மூச்சுவிடக் காற்று போதாது, வால் விசிறிக்கு மூக்கைத் திருப்பப் போதிய பிடி இல்லை. ஆகவே சுமையைக் குறைக்கவேண்டும். கதவு, இருக்கை என்று தேவையில்லாததைக் கழற்றி, எரிபொருளைக் கணக்காக ஊற்றி, இரண்டு இரண்டு வண்டிகளாகப் போவார்கள். இத்தனைக்கும் பிறகு மிக உயரமான சாவடிக்குக் கொண்டுபோக முடிவது ஒரு ஜெரிகேன் மண்ணெண்ணெய் அளவுதான். ஒரு சாவடிக்கு அடுப்பெரியவேண்டும் என்றால் அதே வழியில் திரும்பத் திரும்பப் போகவேண்டும்.

இறங்குகிற இடம், வண்டியின் சறுக்குக் கால்கள் பதிகிற அளவுக்குப் பனியில் சமப்படுத்திய மேடை. இன்ஜினை அணைப்பதில்லை, அணைத்தால் மறுபடி கிளம்பும் என்று உறுதி கிடையாது. கால் பனியில் புதையாமல் இருக்க, பாதி எடையை விசிறியிலேயே தாங்கிக்கொண்டு நிற்பார்கள். சுமையை இறக்கு, காய்ச்சல் கண்டவனையோ விரல் கருத்தவனையோ ஏற்று, கிளம்பு. சில நொடிகள். 2003ல் போர்நிறுத்தம் வருவதற்கு முன்னால் அந்த நொடிகளில் பீரங்கிக் குண்டும் வரலாம். மேகம் மூடினால் பனிக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இருக்காது, எல்லாம் ஒரே வெள்ளை. முன்னே சொன்னேனே, கண்ணால் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்று. கீழே இருக்கிற சிப்பாய் ஏதாவது நிறமான பொருளை வீசிப்போட்டால்தான் தரை எங்கே என்று தெரியும்.

சாருக்குப் பதக்கம் கிடைத்தது இந்த ஓட்டத்தில்தான். என்ன செய்தார் என்று அரசிதழ் வாசகம் ஏதோ சொல்கிறது. அவர் சொல்வது வேறு கதை. புறப்படுவதற்கு முன்னால் எஃப்-700 என்கிற புத்தகத்தில் பைலட் கையெழுத்துப் போடவேண்டும். அந்த வண்டியில் என்னென்ன பார்த்தார்கள், எது மாற்றினார்கள் என்று தொழில்நுட்ப ஆட்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதன் கீழே இவர் கையெழுத்து. போட்டுவிட்டால் வண்டியை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பதக்கம் கிடைத்த அந்த நாளின் பக்கத்தில் தன் கையெழுத்துக்கு மேலே இருந்த பெயர்கள் அவருக்கு இப்போதும் மனப்பாடம். அவர்களில் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிடுவதில் இருக்கிற மரியாதை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கார்கிலில் ஒரு தமிழ்ப்பெயர் உண்டு. ஃப்ளைட் லெஃப்டினண்ட் முகிலன். 1999 மே 28, தோலோலிங் மலை மேல் ராக்கெட் வீசப்போன எம்ஐ-17களில் ஒன்று ஸ்டிங்கர் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டிர், முகிலன், சார்ஜண்ட்கள் பிரசாத், சாஹு, நால்வரும் இறந்தார்கள். வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணையைத் திசைதிருப்பும் தீப்பொறிக் கருவி அந்த வண்டியில் மட்டும் இல்லை. மெதுவாகப் போகிற, சூடான, பெரிய வண்டியை அந்த வேலைக்கு அனுப்பியதே சரியா என்று படைக்குள்ளேயே கேட்டார்கள். அதன்பின் எம்ஐ-17ஐத் தாக்குதலுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். முகிலனுக்கு மறைவுக்குப் பின் வாயு சேனா பதக்கம். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

தமிழ்நாட்டுக்கு ஹெலிகாப்டர் என்றால் இப்போது நினைவு வருவது குன்னூர்தான். 2021 டிசம்பர் 8, சூலூரில் இருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்ஐ-17வி5. முப்படைத் தளபதி பிபின் ராவத்தும் உடன் வந்தவர்களுமாகப் பதினான்கு பேர். உயிரோடு மீட்கப்பட்ட ஒரே ஆளான குரூப் கேப்டன் வருண் சிங்கைப் பெங்களூர் கமாண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்து போகிற தூரம்தான். டிசம்பர் 15 அன்று அவரும் போய்விட்டார். அந்த ஒரு வாரமும் வாட்ஸ்அப்பில் எத்தனை சதிக்கதைகள்! விசாரணை சொன்னது எளிமையானது: மலைப்பள்ளத்தாக்கில் வானிலை சட்டென்று மாறி, வண்டி மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்குத் திசை உணர்வு தப்பி, நல்ல நிலையில் இருந்த வண்டி மலையில் மோதியது.

இந்தத் ‘திசை உணர்வு தப்புவது’ ஏதோ கவனக்குறைவு என்று பலர் நினைத்தார்கள். காதுக்குள் இருக்கிற திரவம் நம்மை ஏமாற்றுவது அது. மெதுவாக ஆரம்பிக்கிற திருப்பம் காதுக்கு உறைக்காது, நேராகப் போவதாகவே தோன்றும். கருவியைப் பார்த்து நேர் செய்தால், எதிர்ப்பக்கம் சாய்கிறோம் என்று உடம்பு அடித்துச் சொல்லும். வெளியே பார்க்க ஒன்றும் இல்லாதபோது உடம்பை நம்பாமல் முள்ளை நம்பவேண்டும். இருபதாயிரம் அடியில் போகிறவனுக்குத் திருத்திக்கொள்ள நேரம் உண்டு, மரத்துக்கு மேலே மலையோரம் போகிற ஹெலிகாப்டர்காரனுக்குக் கிடையாது. இதற்குப் பயிற்சி கொடுக்கிற வான்வெளி மருத்துவ நிறுவனம் 1957ல் இருந்து இதே விமானபுராவில் இருக்கிறது. அங்கே ஒரு கருவியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று கேட்பார்களாம். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் தப்பாகத்தான் சொல்வோம் என்கிறார் சார்.

நல்லதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2018 ஆகஸ்ட் 17, கேரள வெள்ளம். ஆலுவா பக்கம் ஒரு மாடியில் பிரசவ நேரம் நெருங்கிய கர்ப்பிணிப் பெண். கடற்படை கமாண்டர் விஜய் வர்மா ஹெலிகாப்டரை வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே நிறுத்திவைக்க, முதலில் ஒரு டாக்டர் கம்பியில் இறங்கிப் பார்த்து, தூக்கலாம் என்று சொன்ன பிறகு அந்தப் பெண்ணை மேலே எடுத்தார்கள். அன்றைக்கே ஆண் குழந்தை பிறந்தது. பிறகு அந்த மாடியில் யாரோ பெயிண்டால் நன்றி என்று பெரிதாக எழுதிவைத்தார்கள். வர்மாவுக்கு நௌ சேனா பதக்கம் கிடைத்தது. பெயிண்டில் எழுதியதுதான் பெரிய பதக்கம் என்று அப்பா சொன்னார். சார் ஒத்துக்கொள்ளவில்லை, “ரெண்டும் வேணும் அண்ணாச்சி, பென்ஷன்ல பதக்கத்துக்குத்தான் காசு வரும்” என்றார்.

இப்போது அவர்கள் இருவருக்கும் முக்கியப் பேச்சு சீட்டாவுக்கு மாற்று எப்போது வரும் என்பது. அறுபதுகளின் வடிவமைப்பு, ஒற்றை இன்ஜின், இன்றைய பைலட் பையன்களின் தாத்தா காலத்து வண்டி. பழைய சீட்டாக்கள் விழுந்து பைலட்டுகள் இறந்தபோது, பத்து வருடங்களுக்கு முன்பே ராணுவ அதிகாரிகளின் மனைவியர் சிலர் சேர்ந்து டெல்லி வரை போய் அந்த வண்டிகளை நிறுத்தச்சொல்லிக் கேட்டார்கள். மாற்றாக எச்.ஏ.எல். வடிவமைத்த எல்.யூ.எச். என்கிற சிறு ஹெலிகாப்டர் 2016 செப்டம்பர் 6 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. அதைத் தயாரிக்கத் தும்கூரு மாவட்டம் குப்பியில் 615 ஏக்கரில் கட்டிய தொழிற்சாலை 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வண்டி நல்ல வண்டி என்கிறார் அப்பா, புது ஷாப்பில் இருக்கிற பையன்கள் அவ்வப்போது போன் செய்து சொல்வதை வைத்து. தாமதத்துக்கு யார் காரணம் என்பதில் இருவருக்கும் ஒத்துவராது. சார் தொழிற்சாலையைத் திட்டுவார், அப்பா தலைமையகத்தையும் ஒப்பந்தத்தையும் திட்டுவார், குரல் உயர்ந்து செக்யூரிட்டி தம்பி எட்டிப்பார்க்கிற அளவுக்குப் போகும்.

போன வாரமும் அதே சண்டைதான். நடுவில் ஒரு சேத்தக் தாழப் பறந்து போனது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். “வால் பக்கம் ஏதோ அதிருது” என்றார் அப்பா. “அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பையன் பெடல்ல கனமா இருக்கான்” என்றார் சார். அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றி.